ஏழு பி-யும் நிலவைக் கவ்வப் போன மீனும்

ஒரு பள்ளிக்கூடத்தில் எதற்கு வேண்டுமானாலும் மரியாதை கிடைக்கும், விளையாட்டுப் பீரியடுக்கு மட்டும் கிடைக்காது. கணக்குப் பாடம் முடியவில்லையா, எடு விளையாட்டுப் பீரியடை. அறிவியலில் ஒரு படம் பாக்கியா, எடு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் விளையாட்டு என்று கால அட்டவணையில் பச்சை மையால் எழுதி ஒட்டியிருந்தது. ஆகஸ்டு மாதத்திலிருந்து அந்த இரண்டையும் கணக்கு வாத்தியார் லட்சுமணன் சார்தான் தின்றுகொண்டிருந்தார். பின்னத்தில் ஆரம்பித்தார், தசமத்துக்கு வந்தார், இப்போது விகிதத்தில் நிற்கிறார். பசி அடங்கியபாடில்லை.

விளையாட்டு ஆசிரியை கார்குழலிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? திங்கட்கிழமை திருவொற்றியூரில் பெண்கள் கால்பந்துப் போட்டி. அவளுடைய அணியில் எட்டுப் பேர் ஏழு பி. போன வருடம் இதே போட்டியில் பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றுவிட்டு வந்தார்கள். அந்தப் பதினொன்றில் ஒன்று, இவர்களே இவர்கள் வலைக்குள் அடித்துக்கொண்டது. வியாசர்பாடியில் பிறந்து, தெருவில் பந்து உதைத்தே கல்லூரி வரைக்கும் போன கார்குழலி, அன்றைக்குப் பேருந்தில் திரும்பி வரும்போது சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். இந்த வருடமும் அழ அவளுக்கு விருப்பமில்லை. போட்டிக்கு முன்னால் ஒரே ஒரு தடவையாவது பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட வேண்டும், அவ்வளவுதான்.

புதன்கிழமை தலைமை ஆசிரியை ஜானட் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். ராயபுரத்துக்காரர், கண்டிப்பானவர், நியாயமானவர். கண்ணாடிக்கு மேலே பார்த்தார் என்றால் பக்கத்து அறையில் இருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். லட்சுமணன் சார் அங்கே முன்னாடியே நின்றுகொண்டிருந்தார்.

"தமிழய்யா அன்புமணி பயிற்சிக்குப் போயிருக்கார். வெள்ளிக்கிழமை ஏழு பி-க்கு அஞ்சாவது, ஆறாவது பீரியடு தமிழ். யார் எடுக்கிறது?" என்றார் மேடம்.

"நானே எடுத்துக்கறேன் மேடம். விகிதத்துல இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு," என்றார் லட்சுமணன் சார். அவர் முகத்தில், பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வருவதைப் பார்த்தவரின் சாந்தம்.

கார்குழலிக்கு என்ன தோன்றியதோ, "நான் எடுக்கிறேன் மேடம், தமிழையே எடுக்கிறேன்," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், தான் பத்தாம் வகுப்பில் தமிழில் முப்பத்தாறு மதிப்பெண் வாங்கியது நினைவுக்கு வந்தது.

மேடம் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "கவிதை. எட்டு வரி. ஆறாவது பீரியடு முடியறப்ப நான் வந்து அஞ்சு பேரை எழுப்புவேன். புத்தகத்தைப் பார்க்காம மூணு பேராவது பாடலையும் சொல்லி அர்த்தமும் சொல்லிட்டா, உங்க விளையாட்டுப் பீரியடு உங்களுக்குத் திரும்பிடும். இல்லேன்னா வருஷம் முழுக்க சாருக்கு."

"கவிதைக்கு விசில் ஊத முடியாது டீச்சர்," என்று லட்சுமணன் சார் சிரித்தார்.

ஊதத்தான் ஊதினாள். வெள்ளிக்கிழமை மதியம் ஏழு பி-க்குள் நுழைந்ததும், முப்பத்தெட்டுப் பேரும் முப்பத்தெட்டு விதமாகக் கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, பழக்கதோஷத்தில் கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்துவிட்டாள். ஏழு பி அமைதியானது. ஆனால் அடுத்த அறையிலிருந்த ஆறு ஏ முழுவதும் எழுந்து வெளியே வந்து, வராந்தாவில் உயர வரிசைப்படி நின்று கையை நீட்டி இடைவெளி பார்த்துக்கொண்டது. அவர்களைத் திரும்ப உள்ளே தள்ளுவதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

மேசையில் அன்புமணி ஐயா ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். முந்தின மாதப் பயிற்சியில் அவருக்குப் படக்குறிப்பு என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து ஐயா எதையும் எழுதுவதில்லை, எல்லாவற்றுக்கும் படம்தான். சீட்டில் மட்டும் எழுத்து இருந்தது: 'பாடலைப் படக்குறிப்பு முறையில் நடத்தவும். கேட்பதை வாக்கியமாக எழுதாமல் உருவம், வட்டம், அம்புக்குறி இவற்றால் மாணவர் வரைந்துகொள்வர். ஆசிரியருக்கு ஓவியம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.'

கடைசி வரியைக் கார்குழலி இரண்டு முறை படித்தாள். அது யாரோ அவளுக்கென்றே எழுதியது போலிருந்தது. புத்தகத்தைப் பிரித்து, கால்பந்து வர்ணனை சொல்கிற குரலில், மூச்சு விடாமல் வாசித்தாள்.

வலையில் விழாத மீனொன்று
வானைப் பார்த்துத் துள்ளியது
நிலவைக் கவ்வி வருவேன் என்று
நீல அலையிடம் சொல்லியது
அலைமேல் ஏறித் தாவியது
அங்கொரு படகில் வீழ்ந்ததுவே
கலங்காதே என்று பெரியவர் ஒருவர்
கடலில் விட்டார் வாழ்கவென்றே

"அவ்ளோ தான். இப்ப இத்த எழுதக் கூடாது, வரையணும். மொதல்ல ஆளுக்கொரு மீன் போடுங்க," என்றாள். வகுப்புத் தமிழ் பேச வேண்டும் என்று வீட்டிலிருந்தே தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தாள். அந்தத் தீர்மானத்தின் ஆயுசு அவ்வளவுதான்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து அலெக்ஸாண்டர் கை தூக்கினான். அவன் அப்பா சொந்தமாக ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர்.

"இன்னா மீனு டீச்சர்?"

"மீனுடா. சும்மா ஒரு மீனு."

"சும்மா மீனுன்னு ஒரு மீனு கெடையாதே டீச்சர்."

வேறு ஊரில் மீன் வரையச் சொன்னால் பிள்ளைகள் ஒரு வளைவு, ஒரு கண், ஒரு முக்கோண வால் போட்டு முடித்துவிடுவார்கள். அந்தப் புண்ணியவான்களுக்கு மீன் என்பது ஒரே மீன். இங்கே அந்தக் கதை நடக்காது. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் விடிவதே மீன் ஏலத்தில்தான். வஞ்சிரத்துக்கு ஒரு வால், சங்கராவுக்கு ஒரு வால், காணாங்கெளுத்திக்கு ஒரு வால். எந்த வால் என்று தெரியாமல் பென்சிலைத் தாளில் வைப்பது, பெயர் தெரியாத ஆளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி.

"துள்ளுதுன்னு எழுதிகீது. அப்ப பறவக்கோலா தான். லைட்டப் பாத்தா அது தான் எகிறி போட்ல வந்து வுழும். எங்க நைனா இன்னா பண்ணும்னா..." என்று ஆரம்பித்தான் அலெக்ஸாண்டர்.

"குந்துடா," என்றாள் ஷாலு. அணியின் தலைவி, முன்வரிசை ஆட்டக்காரி. வாய்க்கும் காலுக்கும் ஒரே வேகம். "கோலாவ எவனாவது திரும்பக் கடல்ல போடுவானா? கொழம்பு வெச்சித் துன்னுட மாட்டான்? கடலாண்ட எத்த திரும்பப் போடுவாங்க? பேத்தைய தான் போடுவாங்க. யாரும் துன்னாத மீனு, தொட்டா பலூன் மாரி ஊதிக்கும். இது பேத்த மீனு பாட்டு டீச்சர்."

"பேத்த எங்கடி துள்ளும்? அத்தால நீந்தவே முடியாது. எங்க நைனா இன்னா பண்ணும்னா..."

அவனை யாரும் முடிக்க விடவில்லை. அடுத்த நிமிடம் வகுப்பு கோலாக் கட்சி, பேத்தைக் கட்சி என்று இரண்டாகப் பிளந்தது. துள்ளுகிற மீனை யாரும் விடமாட்டார்கள், விடுகிற மீன் துள்ளாது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. கார்குழலி மறுபடி விசில் ஊதினாள். ஆறு ஏ மறுபடி வெளியே வந்தது.

அவர்களை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து நோட்டுகளைப் பார்த்தாள். எல்லா நோட்டிலும் துடுப்பும் செதிலுமாக நுணுக்கமான மீன்கள், செவுள் உட்பட. பீம்ராவ் நோட்டில் மட்டும் ஒரு தலை, இரண்டு நடுத்துண்டு, ஒரு வால் தனித்தனியாகக் கிடந்தன.

"இது இன்னாடா?"

"எங்க வூட்ல யாரும் கடலுக்குப் போவல டீச்சர். எனக்கு மீனுன்னா கொழம்புல கீறது தான் தெரியும்," என்றான் பீம்ராவ், எந்தக் கூச்சமும் இல்லாமல்.

கடிகாரத்தைப் பார்த்தாள் கார்குழலி. ஐந்தாவது பீரியடு முடியப் போகிறது. எட்டு வரியில் முதல் வரியின் கடைசிச் சொல்லில் நிற்கிறார்கள். லட்சுமணன் சார் வருடம் முழுக்க விகிதம் நடத்துவதும், திருவொற்றியூரில் பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணிக்கை ஏறுவதும் கண்முன்னால் ஓடின. அவள் சாக்பீஸை எடுத்தாள். தனக்குத் தெரிந்த ஒரே படத்தைக் கரும்பலகை முழுவதும் போட்டாள்: ஒரு செவ்வகம், நடுவில் கோடு, வட்டங்கள், அம்புகள்.

"மீனு இன்னா மீனுன்னு அப்பறம் பஞ்சாயத்து வெச்சிக்கலாம். இப்ப மீனு நம்ம ஷாலு. ஒம்போதாம் நம்பரு. நெலா எது?"

"கோல் போஸ்ட்டு," என்றது வகுப்பு.

"அலை?"

"சைடுலேர்ந்து பால தூக்கிப் போட்றவ."

"ஷாலு அலை மேல ஏறி நெலாவுக்கு எகிர்றா. நேரா யார் கையில போய் வுழுறா?"

எல்லோரும் திரும்பி முதல் பெஞ்சைப் பார்த்தார்கள். அங்கே அனம் உட்கார்ந்திருந்தாள். கோல்கீப்பர், அதிகம் பேசமாட்டாள்.

"அப்ப படகும் பெரியவரும் அனம்," என்றாள் கார்குழலி. அம்புகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு அம்புக்கும் ஒரு வரி. பிள்ளைகள் குனிந்து வரைந்தார்கள். அலைக்கு நீலம் தீட்ட வேண்டுமா என்று ஒரு சின்னச் சண்டை வந்தது, ஏனென்றால் எண்ணூர் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் தாங்கள் பார்த்த கடல் டீ கலர் என்று சொன்னார்கள். அவரவர் கடல் அவரவர் கலர் என்று தீர்ப்பாயிற்று. பதினைந்து நிமிடத்தில் ஏழாவது வரி வரைக்கும் முப்பத்தெட்டுப் பேரும் வாய்விட்டுச் சொன்னார்கள். கார்குழலிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை குதித்தது. தமிழ் இவ்வளவு எளிதா, இதற்கா முப்பத்தாறு வாங்கினோம் என்றிருந்தது.

அப்போதுதான் அனம் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், நான் கைல புட்ச்ச பால எதுக்குத் திரும்ப வுடணும்?"

சுற்றிச் சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வந்துவிட்டார்கள். கையில் வந்ததை அந்தப் பெரியவர் ஏன் விட்டார்? கார்குழலி கரும்பலகையைப் பார்த்தாள். கடைசி அம்பு அனத்தின் வட்டத்திலிருந்து கிளம்பி எங்கேயோ போனது, எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லை. பள்ளியில் படித்த காலத்தில் எந்தக் கவிதையிடமும் அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது மேடத்துக்காகவோ பீரியடுக்காகவோ இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"எனக்குத் தெர்ல," என்றாள். "யாருக்கனா தெரியுமா?"

"அத்த தான் டீச்சர் நானு மொதல்லேர்ந்து சொல்ல வரேன்," என்றான் அலெக்ஸாண்டர். "எங்க நைனா இன்னா பண்ணும்னா..."

இந்த முறை யாரும் தடுக்கவில்லை. அதுவே அவனுக்குத் திகைப்பாக இருந்தது. ஒரு நிமிடம் என்ன சொல்ல வந்தோம் என்று மறந்து, பிறகு சொன்னான்.

"வலையில வந்தா அது நம்முளுது, தானா வந்து போட்ல வுழுந்தா அது விருந்தாளி, அப்டின்னும். விருந்தாளிய யாராவது கொழம்பு வெப்பாங்களான்னு கேக்கும். கோலாவா இருந்தாலும் தூக்கித் தண்ணில வுட்ரும். எங்கம்மா வூட்ல திட்டும். இதுலயும் மொத வரியிலயே போட்டுகீதே டீச்சர், வலையில விழாத மீனுன்னு."

கார்குழலி புத்தகத்தை எடுத்து முதல் வரியைப் பார்த்தாள். போட்டிருந்தது.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா பேஜாரு உனுக்கு?" என்றாள் ஷாலு. அலெக்ஸாண்டர் அவளைப் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

அந்த நேரத்தில் ஜானட் மேடம் உள்ளே வந்தார், பின்னாலேயே லட்சுமணன் சார். பீரியடு முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சார் கரும்பலகையை ஒரு பார்வை பார்த்தார்.

"போர்டைப் பார்த்துச் சொன்னா அது எப்படி மேடம் கணக்காகும்?" என்று கேட்டுவிட்டு, டஸ்டரை எடுத்துத் தானே துடைத்தார். கடலையும் நிலாவையும் ஷாலுவையும் அனத்தையும் மூலை விடாமல் துடைத்தார். கார்குழலிக்குத் தன் முகத்தையே துடைத்துவிட்டது போலிருந்தது.

மேடம் முதலில் பீம்ராவை எழுப்பினார். அவன் காற்றில் விரலால் அம்பு போட்டுக்கொண்டே பாடலைச் சொன்னான். அர்த்தம் கேட்டபோது, "ஷாலு அலையாண்ட சொல்லுச்சி மேடம், நெலாவ நான் கவ்வினு வரேன்னு," என்றான்.

"ஷாலு யாரு?"

"மீனு மேடம்."

"பாட்டுல ஷாலு கிடையாது. தப்பு," என்றார் சார். மேடம் மறுக்கவில்லை. அடுத்தது ரூத். அவள் மேடத்தின் கண்ணாடியைப் பார்த்தாள், இரண்டு வரியோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆக, ஐந்தில் இரண்டு போயிற்று. இனி மூன்று பேரும் சொன்னால்தான் உண்டு. கார்குழலி விசிலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அனம் எழுந்தாள். ஒரு எழுத்து பிசகாமல் பாடலைச் சொன்னாள், அர்த்தத்தையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஷாலு எழுந்தாள். இரண்டே மூச்சில் முடித்தாள். அர்த்தமும் சொல்லிவிட்டு, "அலை நீலம்னு எழுதிகீறது தப்பு இல்ல மேடம், அவுரு வேற எடத்துல பாத்திருப்பாரு," என்று கவிஞரை மன்னித்தும் விட்டாள்.

ஐந்தாவதாக மேடத்தின் விரல் அலெக்ஸாண்டரிடம் போய் நின்றது. அவன் மூன்று வருடமாக எந்தச் செய்யுளையும் முழுசாகச் சொன்னவன் இல்லை. அது பள்ளிக்கே தெரியும். லட்சுமணன் சார் அடுத்த பீரியடுக்கான சாக்பீஸை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆறு வரி ஓடியது. ஏழாவது வரியில் நின்றான். கண்ணை மூடினான், திறந்தான். கார்குழலி எடுத்துக் கொடுக்க முடியாது, சார் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை வரைக்கும் வந்த வரியை விழுங்கினாள். அலெக்ஸாண்டர் கரும்பலகையைப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அப்புறம் குனிந்து, எதுவும் இல்லாத தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தான், அவற்றில் ஏதோ கிடந்து துடிப்பது போல.

"கலங்காதேன்னு... கலங்காதே என்று பெரியவர் ஒருவர் கடலில் விட்டார் வாழ்கவென்றே."

"ஏன் விட்டார்?" என்றார் மேடம்.

"வலையில வர்ல மேடம். தானா வந்துச்சி. விருந்தாளி."

ஜானட் மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"இது கைடுல இல்லையே," என்றார் லட்சுமணன் சார்.

"இல்ல சார். நானும் பதினெட்டு வருஷமா இந்தக் கைடைத்தான் பார்க்கிறேன்," என்றார் மேடம். பிறகு கார்குழலியிடம் திரும்பினார். "மூணு பேர். பீரியடு உங்களுதுதான்."

ஏழு பி கத்திய கத்தலில் ஆறு ஏ, விசில் இல்லாமலேயே வெளியே வந்தது.

"ஆனா ஒண்ணு கார்குழலி," என்று மேடம் கதவருகே நின்றார். பெரியவர்களின் சந்தோஷத்தில் எப்போதும் இப்படி ஒரு ஆனால் இருக்கும். "இவ்வளவு நல்லாப் போயிட்டிருக்கும்போது விடக் கூடாது. அந்த ரூத்துக்கு ரெண்டு வரிதான் வந்தது. இன்னிக்கு ஏழாவது, எட்டாவது பீரியடும் இதே பாட்டை இன்னொரு தடவை படக்குறிப்புல நல்லா ஊற வைச்சிடுங்க. விளையாட்டு அடுத்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து."

அடுத்த வெள்ளிக்கிழமை! அதற்குள் திருவொற்றியூர் முடிந்து, பேருந்தில் அழுது, கண்ணும் காய்ந்துவிடும். ஜெயித்து வாங்கியதைக் கையில் கொடுத்து அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். லட்சுமணன் சாரின் முகம் மலர்ந்தது. ஷாலு பல்லைக் கடித்தாள். கார்குழலிக்கு அழுகை வரும்போல இருந்தது. அப்போது அவள் கண், துடைத்துக் கிடந்த கரும்பலகையில் பட்டது.

"சரி மேடம். ஆனா படக்குறிப்புக்கு இந்த போர்டு பத்தல. கொஞ்சம் பெரிசாப் போடணும்," என்றாள்.

"எங்க வேணும்னாலும் போடுங்க," என்றார் மேடம்.

ஏழாவது பீரியடு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து மேடம் மாடி வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்த்தார். மைதானம் முழுக்கச் சுண்ணாம்புத் தூளால் படம் போட்டிருந்தது: ஒரு பெரிய செவ்வகம், நடுவில் கோடு, வட்டம். இரண்டு முனையிலும் மூங்கில் கம்பு நட்டிருந்தது. ரூத் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டே எட்டு வரியையும் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கார்குழலி, தமிழ் நடக்குதா?"

"நடக்குது மேடம்."

"அது என்ன, வெள்ளையா உருண்டு ஓடுது?"

"மீனு மேடம்," என்றான் கோட்டோரம் நின்ற அலெக்ஸாண்டர்.

"அந்த ரெண்டு கம்பு?"

"நெலா மேடம்."

"மேடம், இது ஃபுட்பால்," என்றார் பக்கத்தில் வந்து நின்ற லட்சுமணன் சார். குரல் தழுதழுத்தது.

ஜானட் மேடம் கீழே நீண்ட நேரம் பார்த்தார். "கவிதையை அப்படி நேரடியா அர்த்தம் பண்ணக் கூடாது சார்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

கீழே ஷாலு அலையிடமிருந்து பந்தை வாங்கி நிலவைப் பார்த்து உதைத்தாள். அனம் பாய்ந்து, இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்தாள். அருமையான பிடி. கார்குழலி கை தட்டப் போனாள். அனம் பந்தை ஒரு நிமிடம் பார்த்தாள், முகம் கனிந்தது, "வாழ்க" என்று முணுமுணுத்து அதை மெதுவாக ஷாலுவின் காலடியிலேயே உருட்டிவிட்டாள். ஷாலு காலியாக இருந்த பக்கம் பார்த்து அடித்தாள்.

கார்குழலி விசிலை ஊதினாள்.

"அனம், பாட்டு நல்லா மனசுல ஏறிகீது கண்ணு. ஆனா திங்கக்கெழம ஒரு நாளு மட்டும் விருந்தாளி கெடையாது. வலையாண்ட வந்ததெல்லாம் நம்முளுது."